சோறு ஒரு திட்டத்தில், வண்டி இன்னொன்றில்: தனி ஆய்வாளர்களுக்கான நிதி குறித்து ஐசிஎஸ்எஸ்ஆருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உறுப்பினர் செயலர், மன்ற உறுப்பினர்கள், இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎஸ்எஸ்ஆர்), புது தில்லி.

மதிப்புக்குரியீர், வணக்கம்.

பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமல் சமூக ஆய்வு செய்கிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், முனைவர் பட்டம் முடித்தும் வேலை அமையாதவர், பத்திரிகையாளர், தொழிற்சங்கக்காரர், வழக்கறிஞர் என்று பலரும் இதில் அடக்கம். உங்கள் திட்டங்கள் எங்களை அடியோடு ஒதுக்கிவிட்டன என்று குற்றம் சொல்ல வரவில்லை. விதிப்படி சிலவற்றுக்கு நாங்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். வந்தபின் சாப்பாட்டுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டிலிருந்தே தொடங்குவோம்.

ஆய்வுத் திட்ட மானியத்தின் செலவுத் தலைப்புகளைப் பாருங்கள். ஆய்வுப் பணியாளர்களுக்கு 45 விழுக்காட்டுக்கு மிகாமல், களப்பணிக்கு 35க்கு மிகாமல், கருவி, புத்தகம், மென்பொருளுக்கு 10, சில்லறைச் செலவுக்கு 5, அறிக்கை வெளியீட்டுக்கு 5. கூட்டினால் நூறு. ஆய்வை நடத்துகிற ஆளுக்கென்று இதில் ஒரு வரி கிடையாது. பேராசிரியருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது, அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். தனி ஆய்வாளரோ உதவியாளருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, தன் வீட்டு வாடகைக்கு டியூஷன் எடுக்கப் போக வேண்டும். பாதியில் நின்றுபோகும் ஆய்வுகளில் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

முதுநிலை ஆய்வு உதவித்தொகையில் நிலைமை தலைகீழ். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புப்படி சம்பளம் இல்லாதவருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 40,000 ரூபாய், சில்லறைச் செலவுக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். மாதத் தொகை நியாயமானது, நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அந்த ஆண்டுச் செலவுத் தொகையை நாளுக்குப் பிரித்தால் 110 ரூபாய்தான். நூலகத்தில் உட்கார்ந்து எழுதும் வேலைக்கு அது போதும். களத்துக்குப் போகிறவருக்குப் பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். இரண்டு திட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒன்றில் சோறு இருக்கிறது, வண்டி இல்லை. மற்றதில் வண்டி இருக்கிறது, சோறு இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். கற்பனைத் திட்டம்தான், ஆனால் கேள்வி நிஜம். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள், அத்தனை வெயிலிலும் ஏன் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள்? மருத்துவர் சிறுநீரைச் சோதித்து நீரிழப்பு என்று எழுதுவார். சமூகவியல் படித்தவர் கண்ணுக்குப் பாத்திக்காட்டில் கழிப்பறை இல்லாததும், ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாததும் படும். பொருளாதாரம் படித்தவர் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, வாருபலகையைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் போய்வந்தால் எவ்வளவு நட்டம் என்று கேட்பார். சட்டம் தெரிந்தவர் நிலம் யாருடையது, குத்தகைதாரர் யார், கழிப்பறை கட்டும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்று பத்திரத்தைப் புரட்டுவார். நான்கு விடைகளும் சரி, தனித்தனியாக எதுவும் போதாது. துறையிடை ஆய்வு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். விண்ணப்பத்தில் நான்கு துறைப் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வித்தாளோடு ஊருக்குப் போவதை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. (அப்படியும் நிறைய நடக்கிறது.)

இதற்கு 18 மாதம் என்று வையுங்கள். ஆய்வாளருக்கு மாதம் 40,000 வீதம் 7,20,000 ரூபாய். களத்தில் 100 நாள்: ஆறு மாதத்துக்கு ஓர் அறை 36,000, சாப்பாடு 25,000, போக்குவரத்து 30,000. உள்ளூர்ப் பெண் ஒருவர் உடன் வர நாளுக்கு 800 வீதம் 80,000. இதைக் குறைக்கவே கூடாது. ஆண் ஆய்வாளர் தனியாகப் போய்க் கழிப்பறை பற்றிக் கேட்டால் ஒரு பதிலும் வராது. 60 பேருடன் நீண்ட நேர்காணல், இழந்த நேரத்துக்கு ஆளுக்கு 300 வீதம் 18,000. மருத்துவக் கல்லூரி வழியாகச் சோதனை, ஆளுக்கு 1,000 வீதம் 60,000. ஒலிப்பதிவுக் கருவியும் தரவைப் பாதுகாக்க இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் 22,000. முடிவுகளைத் தமிழில் சிறு நூலாக அச்சிட்டுத் தொழிலாளர்களிடமே திருப்பிக் கொடுக்க 25,000.

மிச்சம் இருப்பது எழுத்துப்படி, அதாவது ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் வேலை. விண்ணப்பங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிற தலைப்பு இதுதான், ஆய்வைக் கவிழ்ப்பதும் இதுதான். 60 நேர்காணல், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் 90 மணி நேர ஒலி. காற்று இரைச்சலும் வட்டாரப் பேச்சும் கலந்த ஒரு மணி நேர ஒலியைக் கேட்டு எழுத ஏழு மணி நேரமாவது பிடிக்கும். ஆக 630 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது, காது தளர்ந்துவிடும். எனவே 105 நாள், நாளுக்கு 800 வீதம் 84,000 ரூபாய். தானியங்கி மென்பொருள்கள் இப்போது தமிழைக் கேட்டு எழுதுகின்றன என்றாலும், உப்பளப் பேச்சில் ‘அம்பாரம்’ (உப்புக் குவியல்) போன்ற தொழிற்சொற்கள் வரும் இடத்திலெல்லாம் மனிதர் ஒருவர் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். நீங்கள் படிக்கப்போகிற அறிக்கைக்கு உயிர் கொடுப்பவை அந்தச் சொற்கள்தான்.

எல்லாம் சேர்த்து 11,00,000 ரூபாய். அதில் ஆய்வாளரின் பிழைப்புக்கானது 65 விழுக்காட்டுக்குச் சற்று மேல். உங்கள் இப்போதைய தலைப்புகளில் அந்த 65ஐ எங்கே எழுதுவது? அதனால்தான் அண்ணன் மகன் பெயரில் ‘கள ஆய்வாளர்’ ஒருவரைக் காட்டிச் சம்பளம் எடுக்கும் கோணல் வழிகள் பிறக்கின்றன. அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விதியில் இருக்கும் ஓட்டையை மனிதர்கள் பொய் சொல்லி அடைக்கிறார்கள் என்பது கணக்குப் பிரிவில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். ‘ஆய்வாளர் வாழ்க்கைப்படி’ என்று நேராக ஒரு தலைப்பு வையுங்கள். அதைத் ‘தொழில்முறைக் கட்டணம்’ என்று எழுதாதீர்கள், மூலத்திலேயே வரி பிடித்துவிடுவார்கள். உதவித்தொகை என்றே எழுதுங்கள்.

அடுத்தது, கையைப் பிடித்துக்கொண்டு வருகிற விஷயம்.

இணைப்பு நிறுவனம் வேண்டும் என்ற நிபந்தனையை ஏதோ அறிவுத் தரத்துக்கான சல்லடை போல எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் அது கணக்கு வசதிக்கான ஏற்பாடு. அரசுப் பணம் தனிமனிதரின் சேமிப்புக் கணக்குக்குப் போகாமல் ஒரு நிறுவனத்தின் கணக்கு வழியாகப் போக வேண்டும். பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். தணிக்கைக்கு ஆள் வேண்டும். இவை தேவைதான், மறுக்கவில்லை. கணக்குச் சிக்கலைக் கணக்குச் சிக்கலாகவே தீர்த்துவிடலாம் என்கிறோம்.

இப்போது நடப்பது இப்படி: விண்ணப்பிக்கிறவர் ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்கி முதல்வரிடம் இணைப்புக் கடிதம் கேட்க வேண்டும். கல்லூரிக்கு இதில் கிடைப்பது மேற்செலவாக, அதாவது நிர்வாகச் செலவுக்காக, 5 விழுக்காடு. 11 லட்சத்துக்கு 55,000 ரூபாய். அதற்காக அரசுப் பணத்தின் போக்கைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். இணையத்தளத்தில் பதிவு, தவணைக்குத் தவணை பற்றுச்சீட்டுச் சரிபார்ப்பு, தணிக்கையாளர் கையெழுத்து, மூன்றாண்டு கழித்து வரும் கேள்விகள் என்று அத்தனையையும் அவர்களுடைய கணக்கர் சுமக்க வேண்டும். தன் ஆசிரியர் இல்லாத ஒருவருக்காக எந்த முதல்வர் இதில் கையெழுத்துப் போடுவார்? போடுகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர், அல்லது தன் பெயரையும் ஆய்வுத் திட்டத்தின் இணை இயக்குநராகச் சேர்க்கச் சொல்கிறவர். தெரிந்தவர் இல்லாத ஊர்களிலிருந்து, முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களிடமிருந்து உங்களுக்கு விண்ணப்பமே வராமல் போவதற்கு இதுவே காரணம்.

மாற்று சுலபமானது. உங்கள் நிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனங்கள் நாடு முழுக்க இருபதுக்கு மேல் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1971இல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. தென்மண்டல மையம் ஹைதராபாத்தில் உண்டு. இவற்றில் சிலவற்றைத் ‘தாங்கு நிறுவனங்கள்’ என்று அறிவித்து, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இத்தனை தனி ஆய்வாளர்களின் கணக்கைக் கையாள வேண்டும் என்று எண்ணிக்கை வையுங்கள். இணைப்புக் கடிதத்தை விண்ணப்பத்தோடு கேட்காதீர்கள்; தேர்வானபின் கழகமே ஒரு நிறுவனத்தை ஒதுக்கட்டும். மேற்செலவை 10 விழுக்காடாக உயர்த்துங்கள். நம் கணக்கில் அது 1,10,000, மொத்தம் 12,10,000 ரூபாய். அந்தக் கூடுதல் பணத்துக்கு நிறுவனம் என்னென்ன தர வேண்டும் என்பதையும் எழுதிவைத்துவிடுங்கள்: நூலக அட்டை, நிறுவன மின்னஞ்சல், நெறிமுறைக் குழுவின் பரிசீலனை, கணக்கு முடிப்பு. மேசை நாற்காலி கூடக் கேட்கவில்லை.

அந்த மின்னஞ்சலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் ஆய்விதழ்களைப் படிக்க வழிசெய்யும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். நல்ல திட்டம். ஆனால் உள்ளே நுழையும் சாவி நிறுவனத்தின் கையில். எந்தப் பட்டியலிலும் இல்லாதவர் ஒரு கட்டுரையைப் படிக்க எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பிரதி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆவணக் காப்பகங்களிலும் முதலில் எதிர்பார்க்கப்படுவது நிறுவனத்தின் அறிமுகக் கடிதம்தான்.

நெறிமுறைக் குழுவும் அப்படித்தான். மனிதர்களிடம் உடல்நலம் சார்ந்து ஆய்வு செய்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் பொருந்தும், குழுவின் ஒப்புதல் வேண்டும். தனி ஆய்வாளருக்குக் குழு ஏது? ஒப்புதல் இல்லாமல் சேகரித்த தரவை நல்ல இதழ்கள் பின்னர் வெளியிடாது, இரண்டு ஆண்டு உழைப்பு அங்கே வீணாகும். அந்தக் குழுவில் சமூக ஆய்வு தெரிந்தவரும் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம்தான் பாதுகாப்பு என்று மருத்துவர்கள் நினைப்பார்கள். கங்காணிக்குப் பயந்து வேலை செய்கிற பெண்ணுக்கோ தன் கையெழுத்து உள்ள அந்தத் தாள்தான் ஆபத்து. அங்கே ஒலிப்பதிவில் வாய்மொழியாகச் சம்மதம் வாங்குவதே சரி.

வேறிடத்தில் கேட்கலாமே என்பீர்கள். எங்கே? நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை ஆராய்ச்சிக்குத் தரலாம் என்கிறது. ஆனால் அது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவ ஆராய்ச்சிக்கு. 2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் வரம்பில் மொழி, வரலாறு போன்ற மானுடப் புலங்களும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தோடு உரசும் எல்லையில் மட்டுமே வருகின்றன. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் முன்பு சிறு தொகைகளைப் பிறருக்குப் பிரித்துக் கொடுத்து வந்தன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த மறுபகிர்வை நிறுத்திவிட்டது. மிச்சம் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. விடுதலைக்குப் பிந்தைய இந்தியா பற்றி நூல் எழுதுவோருக்கு நியூ இந்தியா ஃபவுண்டேஷன் தனிமனிதர்களையே தேர்ந்தெடுத்துத் தருகிறது. பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலை சார்ந்த ஆய்வுக்குத் தருகிறது, இந்திய மொழிகளில் எழுதிய விண்ணப்பங்களையும் ஏற்கிறது. உப்பளக் கழிப்பறை இரண்டிலும் எளிதில் அடங்காது. பிரிட்டனில் பிரிட்டிஷ் அகாடமியும் லெவர்ஹியூமும் தரும் 10,000 பவுண்டு வரையிலான சிறு மானியத்துக்கு நிறுவனம் சாராதவரும் விண்ணப்பிக்கலாம் என்பதை மேற்கோளாகக் காட்டுவது இங்கே வழக்கம். அங்கேயும் அது ஆய்வுச் செலவுக்கு மட்டும்தான், ஆய்வாளரின் சம்பளத்துக்கு அல்ல. அப்படியே நகல் எடுத்தால் எங்கள் பாதிச் சிக்கல் தீராது.

தேர்வு முறைக்கு வருவோம். துறையிடை விண்ணப்பம் ஒன்று பொருளாதார மதிப்பீட்டாளரிடம் போனால் ‘60 பேர் போதாது’ என்பார். மானிடவியல் மதிப்பீட்டாளர் ‘60 பேர் அதிகம், ஆழம் வராது’ என்பார். இருவரும் நூற்றுக்கு 55 போடுவார்கள். தன் துறைக்குள்ளேயே நிற்கும் சாதாரண விண்ணப்பம் ஒன்று இரு பக்கமும் 70 வாங்கி முன்னே போய்விடும். சராசரி எடுக்கும் வரை இது மாறாது. துறைக்கு ஒருவராக இருவரிடம் அனுப்பி, ‘உங்கள் துறைக்கான பகுதி பிழையில்லாமல் இருக்கிறதா’ என்று மட்டும் கேளுங்கள். ஆம், இல்லை, திருத்தினால் ஆம் என்ற மூன்றில் ஒரு பதில் போதும். மூன்றாமவர், தாமே இரண்டு துறைகளில் வேலை செய்தவர், ‘எந்தத் துறையும் தனியாக விடை சொல்ல முடியாத கேள்வி இதில் இருக்கிறதா’ என்பதற்கு மதிப்பெண் போடட்டும். விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்வியை 150 சொற்களில் எழுத ஓரிடம் வையுங்கள். ஒப்புக்குத் துறைப் பெயர்களை அடுக்கியவர்கள் அந்த இடத்திலேயே தெரிந்துவிடுவார்கள். முதல் சுற்றில் விண்ணப்பதாரரின் பெயரையும் பதவியையும் மறைத்துவிட்டால் இன்னும் நல்லது. ‘வரலாறு கலந்திருக்கிறது, இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பும் பழக்கத்துக்கும் ஒரு முற்றுப்புள்ளி வேண்டும்.

தகுதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கழகம் 1969இல் தொடங்கியது. அதே ஆண்டு பாளையங்கோட்டையில் நா. வானமாமலை ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நெல்லை ஆய்வுக் குழு உருவாகியிருந்தது. பிழைப்புக்குத் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டு, நாட்டார் பாடல்களை வரலாற்றோடும் சமூகவியலோடும் சேர்த்துப் படித்தவர் அவர். ஐராவதம் மகாதேவன் ஐஏஎஸ் அதிகாரி. 1970இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஆய்வுதவிதான் சிந்து எழுத்துகளைக் கணினியில் ஏற்றித் தொகுக்க அவருக்குக் காலம் தந்தது. 1977இல் தொல்லியல் துறை அந்தத் தொகுப்பை வெளியிட்டது. பட்டத்தையும் பதவியையும் கேட்காமல் செய்த வேலையைப் பார்க்கிற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. முனைவர் பட்டம் இல்லாதவரிடம் இரண்டு நூல்களையோ ஐந்து கட்டுரைகளையோ கேளுங்கள். அவை தமிழில் இருந்தால் தமிழ் படிக்கத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். விண்ணப்பத்தையும் இறுதி அறிக்கையையும் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஏற்று, மொழிபெயர்ப்புச் செலவைக் கழகமே ஏற்கலாம்.

இனி தவணை. 40, 40, 20 என்று பிரித்துக் கடைசி 20ஐ அறிக்கை ஏற்கப்பட்டபின் கொடுப்பது, சம்பளக்காரருக்குச் சற்றே பொறுத்துக்கொள்ளும் விஷயம். 11 லட்சத்தில் 20 விழுக்காடு 2,20,000 ரூபாய், அதாவது ஐந்தரை மாத உதவித்தொகை. மதிப்பீட்டாளர் அறிக்கையைப் படித்து, திருத்தம் சொல்லி, திருத்தியது மீண்டும் போய்வரும் மாதங்களை ஆய்வாளர் கடன் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். வாழ்க்கைப்படியைத் தவணையிலிருந்து பிரித்து மாதாமாதம் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு பக்க முன்னேற்ற அறிக்கை வராவிட்டால் நிறுத்திவையுங்கள். ஆய்வுச் செலவில் 5 விழுக்காட்டை மட்டும் இறுதிக்குப் பிடித்துக்கொண்டால் போதும்.

பற்றுச்சீட்டு இல்லாத செலவுகளுக்கு ஒரு வழி வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர் பில் தர மாட்டார், நேர்காணல் தந்த பாட்டிக்குக் கொடுத்த 300 ரூபாய்க்கும் பில் இருக்காது. தேதி, இடம், தொகை, காரணம், பெற்றவரின் கையெழுத்து அல்லது கைநாட்டு என்று ஐந்து கட்டங்கள் உள்ள களச் சீட்டு ஒன்றை நீங்களே அச்சடித்துத் தாருங்கள். ஒரு சீட்டுக்கு 500 ரூபாய் உச்சம் என்று வையுங்கள். பெயர் வெளியே தெரியக் கூடாத இடங்களில் கைநாட்டுக்குப் பதில் நேர்காணல் எண்ணை மட்டும் எழுத அனுமதியுங்கள், இல்லாவிட்டால் தணிக்கைக் கோப்பே ஆட்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, நாள்காட்டி. உங்கள் நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது, உப்பின் ஆண்டு தை மாதத்தில். ஜனவரி, பிப்ரவரியில் பாத்தி மிதித்துத் தயார் செய்வார்கள், கோடையில் உப்பு வாருவார்கள், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் களமே மூடிவிடும், ஆட்கள் கட்டட வேலைக்கும் வேறு ஊர்களுக்கும் கலைந்துவிடுவார்கள். முதல் தவணை செப்டம்பரில் வந்தால் ஆய்வாளர் நான்கு மாதம் வெறும் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மார்ச் 31க்குள் செலவழிக்காத பணத்துக்கு விளக்கமும் எழுத வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தை ஆய்கிறவருக்கும், கரும்பு வெட்டப் புலம்பெயர்கிறவர்களின் பின்னால் போகிறவருக்கும் இதே கதைதான். எனவே விண்ணப்பத்திலேயே ‘களம் தொடங்கும் மாதம்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, அந்த மாதத்துக்கு 15 நாள் முன்பு முதல் தவணை போய்ச் சேர வேண்டும் என்று விதி செய்யுங்கள். அடுத்த அறிவிப்பு ஏப்ரலில் வந்து, தேர்வு அக்டோபரில் முடிந்தால், டிசம்பர் நடுவில் பணத்தை அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
நிறுவனம் சாரா சமூக ஆய்வாளர்கள் சிலர்